ஏழாம் துளை

மூன்றாவது தொண்ணூறு பாகை.
இரண்டோடு நிறுத்தச் சொல்கிறது கையேடு.
நடுவில் போன் அதிர்ந்தது,
யாரென்று பார்த்தேன்,
எண்ணிக்கையை விட்டேன்.

முதலில் இறுக்கம்,
பிறகு வெண்ணெய்க்குள் கரண்டி போனது போல் ஒரு வழுக்கல்.
அது கேட்டது
என் உள்ளங்கைக்கு மட்டும்.

போல்ட்டைத் திருகி எடுத்தால்
அதன் பற்களைச் சுற்றிக்கொண்டு கூடவே வருகிறது
அலுமினியச் சுருள்,
துளையின் உள்தோல்.
மரை கழண்டவன் என்று
எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறேன்!
நிஜமாகக் கழலும்போது
இவ்வளவு பளபளக்கும் என்று தெரியாது.

காக்கி புக்கிட், நான்காம் மாடி,
சனிக்கிழமை இரவு ஒன்பதரை.
எதிர்ப் பட்டறையில் ஒரு பம்பர்
சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது.
முதலாளி கோ குனிந்து டார்ச் அடித்தார்.
"பழைய எஞ்சின் லா. சிஓஇ இன்னும் பதினொரு மாதம்தானே,
ஸ்கிராப்புக்குக் கொடுக்கச் சொல்."
பழைய எஞ்சின்.
அந்தச் சொல்லுக்குள் வசதியாக உட்கார்ந்துகொண்டேன்
ஒரு கோப்பி ஓ குடித்து முடிக்கும் வரை.

வேன், ரொஹாயாவுடையது.
திங்கள் விடியலுக்கு முன், நான்கு மணிக்கு
நூற்று எண்பது பொட்டலம் நாசி லெமாக்
உட்லண்ட்ஸ் தொழிற்சாலை வாசலில் இருக்க வேண்டும்.
இருக்கை கழற்றிய இடத்தில்
டீசலையும் மீறிப் பாண்டான் இலை வாசம்.

ஹெட்டை மறுபடி இறக்கினேன்.
மற்ற ஒன்பது துளைகளும் ஒழுங்காகவே இருந்தன.
ஏனோ அவற்றின் மேல்தான் கோபம் வந்தது.

சிலிண்டர் வாய்களில் துணி திணித்து,
நீர்வழிகளை டேப்பால் ஒட்டி,
டிரில்லைச் செங்குத்தாக நிறுத்த
ஒரு மூலைமட்டமும் மூடிய ஒரு கண்ணும்.
கெட்ட துளையைச் சரிசெய்ய
அதை இன்னும் கொஞ்சம் கெடுக்க வேண்டும்,
அளவாக.
டாப்பின் பள்ளங்களில் கிரீஸ்.
ஒரு சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே.
ஒரு சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே.
அவசரப்பட்டால் டாப் முறியும்;
முறிந்ததை எடுக்க எனக்குத் தெரிந்து
இந்தத் தீவில் ஒரே ஆள்,
ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்கமாட்டார்.

பிறகு எஃகுச் சுருள்.
புது மரையில் வளையம் வளையமாக ஏறி
விளிம்புக்கு அரை வளையம் கீழே நின்றது.
அடியில் குறுக்காக ஒரு வால்,
குறுநொய் அளவு.
அதை உடைத்து எடுத்துவிட வேண்டும்.
தட்டினேன். டிக்.
அவசரத்தில் காற்றடித்தேன்.
காணோம்.

காந்தக் கோலை விட்டேன், வெறுமனே வந்தது.
துருப்பிடிக்காத எஃகு காந்தத்துக்கு மசியாது.
தெரிந்தும் மூன்று தடவை விட்டேன்.
துணிகளை உதறி,
நான்கு சிலிண்டரிலும் விரல் ஓட்டி,
தரையில் முட்டிபோட்டு
செக்யூரிட்டி வந்து விளக்கணைக்கவா என்று கேட்கும் வரை.

இருந்தது, என் முழங்கை மடிப்பில்,
கிரீஸில் ஒட்டிக்கொண்டு.
தேடிய நேரமெல்லாம்
அதைச் சுமந்துகொண்டே தேடியிருக்கிறேன்.

ஞாயிறு. புது கேஸ்கெட், புது போல்ட்டுகள்.
போனை லாக்கரில் பூட்டிவிட்டேன்.
நாற்பது. தொண்ணூறு. தொண்ணூறு.
ஏழாவதற்கு வாய்விட்டு எண்ணினேன்.
பிடித்தது.
பழையதைவிடச் சுருள்தான் பலம் என்று
பெட்டியில் அச்சடித்திருக்கிறது. இருக்கலாம்.

மாலையில் ரொஹாயா வந்தாள்,
பையில் சில்லறை நோட்டுகளாக இருநூற்று எண்பது வெள்ளி.
வண்டிக்கு என்ன ஆனது என்று கேட்டாள்.
கோ வாயைத் திறப்பதற்குள்
"ஒன்றும் ஆகவில்லை. நான்தான்
ஒரு தடவை அதிகமாகத் திருகிவிட்டேன்" என்றேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை,
எஞ்சினைப் பார்த்தாள்.
"இப்போது பிடிக்கிறதா?"
"பிடிக்கிறது."
பையை மூடிக்கொண்டு சாவியை எடுத்தாள்.

கோ பில்லைக் கிழிக்கவில்லை.
மேலே இருந்த பெயரை மட்டும் அடித்து
என் பெயரை எழுதினார்,
எழுத்துப் பிழையோடு.